சிங்கப்பூரிலிருந்து கேமரன் மலைக்குச் சொந்தக் காரில்: ஏறும் சாலை, இறங்கும் சாலை, முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் துவாஸ் எல்லைச் சாவடியிலிருந்து கேமரன் மலையின் முக்கிய ஊரான தானா ராத்தா ஏறக்குறைய 550 கிலோமீட்டர். அதில் மலைச்சாலை சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனால் முதல் முறை போகிறவர்கள் திணறுவது பெரும்பாலும் அந்தக் கடைசி 60இல்தான். ஓட்டத் தெரியாதவர்கள் என்பதால் அல்ல. அடிவார ஊரான தாப்பாவுக்கு வந்து சேரும்போதே மாலை 5 மணி தாண்டியிருக்கும். ஓட்டுபவர் களைத்துப் போயிருப்பார், பின்னிருக்கையில் பிள்ளைகள் அப்போதுதான் வயிறு முட்டச் சாப்பிட்டிருப்பார்கள், மேலே மழை பிடித்திருக்கும்.

ஆகவே ஒரு கணக்கை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பிற்பகல் 1 மணிக்குள் மலையடிவாரத்தில் நிற்க வேண்டும். புறப்படும் நேரம், எங்கே சாப்பிடுவது, எங்கே பெட்ரோல் ஊற்றுவது எல்லாம் அந்த 1 மணியிலிருந்து பின்னோக்கி வரும் கணக்குத்தான். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. தங்குமிடத்தை வைத்துச் சாலையைத் தேர்ந்தெடுங்கள்

தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து மேலே போக இரண்டு சாலைகள். ஒன்று தாப்பாவில் தொடங்கும் பழைய சாலை, 59ஆம் எண் கூட்டரசு சாலை. மற்றது ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயில் தொடங்கும் 185ஆம் எண் சாலை.

இரண்டும் மலையில் ஒரே சாலையின் இரு முனைகளில் வந்து சேர்கின்றன. தாப்பா சாலை தெற்கு முனையான ரிங்லெட்டில் ஏறும். சிம்பாங் பூலாய் சாலை வடக்கு முனையான கம்போங் ராஜாவில் ஏறும். இடையில் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா பார்ம், திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா எல்லாமே ஒற்றைச் சாலையில் கோத்த ஊர்கள். சுற்றிப் போக மாற்று வழி கிடையாது. பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் பிரிஞ்சாங்குக்கும் கியா பார்ம் சந்தைக்கும் நடுவே கார்கள் நகரவே நகராது.

எனவே அறை ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ இருந்தால் தாப்பா வழி. கியா பார்ம், திரிங்காப், கம்போங் ராஜா பக்கம் இருந்தால் சிம்பாங் பூலாய் வழி. பிரிஞ்சாங் என்றால், வார நாளில் தாப்பா, கூட்ட நாளில் சிம்பாங் பூலாய். வழிகாட்டிச் செயலி 20 நிமிடம் குறைவு என்று காட்டும் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர்கள்தான் அறைக்கு 5 கிலோமீட்டர் இருக்கும்போது இரண்டு மணி நேரம் நின்றுகொண்டிருப்பார்கள்.

சாலைகளின் குணமும் வேறு வேறு. அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளந்தது 1885இல். தாப்பாவிலிருந்து சாலை போடும் வேலை தொடங்கியதோ 1926இல். அந்தக் காலத்து லாரிகள் மெதுவாக ஏறக்கூடிய சரிவாகப் பார்த்து, பாத்தாங் பாடாங் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே வளைத்து வளைத்துப் போட்டார்கள். அதனால் சரிவு பெரும்பாலும் கடுமையாக இருக்காது, வளைவுகள்தான் ஓயாது. சாலை குறுகல், தடத்துக்கு ஒரு கார்.

சிம்பாங் பூலாய் சாலை 2000களில் திறந்தது. மலையை வெட்டி அகலமாகப் போட்டது. வளைவு குறைவு, ஏறும் பக்கம் பல இடங்களில் இரண்டு தடம். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இதுதான் நல்லது. ஆனால் நீண்ட சரிவில் வேகம் தானாக ஏறும். சாலையின் குறை அதுதான், அதை இறங்கும் படியில் விரிவாகப் பார்ப்போம்.

2. மூன்று வாரத்துக்கு முன்பே முடிக்க வேண்டிய தாள் வேலை

மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லாமல் சிங்கப்பூர்ப் பதிவு கார் உள்ளே போகக்கூடாது. 2025 ஜூலை 1 முதல், அனுமதி வில்லை பொருத்திச் செயல்படுத்தாத கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். விண்ணப்பிப்பது ஒரு வேலை, வில்லையை ஒட்டுவது ஒரு வேலை, அதைச் செயல்படுத்துவது மூன்றாவது வேலை. பலர் ஒட்டியதோடு முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். விண்ணப்பித்த இணையக் கணக்கில் நுழைந்து, நிலை செயல்பாட்டில் இருப்பதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். அனுமதி 5 ஆண்டுக்குத்தான். காரை மாற்றியிருந்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

வாடகைக் கார் என்றால், மலேசியாவுக்கு ஓட்டிச் செல்ல நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். நிறுவனப் பெயரில் பதிவான காருக்கும் அப்படியே. அண்ணன் கார், மாமா கார் என்றாலும் காப்பீட்டில் உங்கள் பெயர் ஓட்டுநராக இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

காப்பீட்டில் மேற்கு மலேசியா சேர்ந்திருக்கிறதா என்பதோடு நிற்காமல் இன்னொன்றும் கேளுங்கள்: கார் மலையில் நின்றுபோனால் இழுத்துவரும் செலவில் எவ்வளவு தருவார்கள்? பெரும்பாலான திட்டங்களில் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தானா ராத்தாவிலிருந்து ஜோகூர் வரை இழுத்து வர அது போதாமல் போகலாம். பயணக் காப்பீட்டிலோ வாகன உதவிச் சங்க உறுப்பியத்திலோ அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளலாம்.

கடப்பிதழ் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. நிரந்தரவாசிகளும் வேலை அனுமதி வைத்திருப்பவர்களும், மலேசியர்கள் தவிர, வருகைக்கு முந்திய 3 நாளுக்குள் அதை நிரப்ப வேண்டும். ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவைக் கூட்டிப் போகும்போது இதுதான் அடிக்கடி விட்டுப்போகிறது. குடும்பத்தில் நால்வர் சிங்கப்பூர்க் கடப்பிதழோடு கடந்துவிட, தாத்தா பாட்டிக்காகக் கார் ஓரமாக நிற்கும்.

3. டச் அண்ட் கோ அட்டை: ஒரே அட்டை, போதிய பணம்

மலேசியாவில் சாலைக் கட்டணம் செலுத்தும் அட்டை இது. அதில் போக வர 200 ரிங்கிட்டுக்குக் குறையாமல் வைத்திருங்கள். வெளிநாட்டுக் காருக்கான 20 ரிங்கிட் சாலைக் கட்டணமும் இதிலிருந்துதான் போகும்.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை தட்ட வேண்டும். இரண்டுக்கும் அதே அட்டை. நுழையும்போது கணவர் அட்டை, ஓட்டுநர் மாறியதும் வெளியேறும்போது மனைவி அட்டை என்றால் இரண்டாவது அட்டையில் நுழைந்த பதிவே இருக்காது; தடுப்பு திறக்காது. முதலில் தட்டிய அட்டையைக் கண்ணெதிரே ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள்.

பணம் போட எல்லாச் சாவடியிலும் வசதி இல்லை. கைப்பேசியை வைத்துப் பணம் ஏற்றக்கூடிய புதுவகை அட்டையாக வாங்கினால் எந்த ஓய்விடத்திலும் உட்கார்ந்தபடி ஏற்றலாம். பழைய அட்டை என்றால் புறப்படும் முன்பே ஏற்றிவிடுங்கள்.

4. ஒரு வாரத்துக்கு முன்: கார்

சிங்கப்பூரில் ஓடும் கார் சமதரையிலேயே பழகிய கார். பழைய பிரேக் எண்ணெய், குறைந்த குளிர்விப்பு நீர், தேய்ந்த டயர் எதுவும் தீவு விரைவுச்சாலையில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. மலையில்தான் காட்டும். பட்டறையில் இந்த நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பிரேக் எண்ணெய்: மாற்றி 2 ஆண்டு ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும். அப்போது மிதி பஞ்சு போல உள்ளே போகும், கார் நிற்காது. மலைப் பயணத்துக்கு முன் செய்யும் செலவில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

பிரேக் பட்டைகள்: பாதிக்குக் கீழ் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றலாம். மெலிந்த பட்டை சீக்கிரம் சூடேறும்.

டயர்: சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் பள்ளம். மழை பெய்யும் மலைக்கு 3க்குக் குறையாமல் இருப்பது நல்லது. பள்ளம் நன்றாக இருந்தாலும் வயதைப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. குறைவாக ஓடும் கார்களில் பள்ளம் தேயாமலே ரப்பர் இறுகிவிடும். நனைந்த வளைவில் அது பிடிக்காது. காற்றை, டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவுச் சட்டத்திலுள்ள வில்லையில் முழுப் பாரத்துக்குச் சொல்லியிருக்கும் அளவுக்கு அடியுங்கள்.

குளிர்விப்பு நீர்: என்ஜின் ஆறியிருக்கும்போது இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்க வேண்டும். மாதாமாதம் குறைகிறது என்றால் எங்கோ கசிவு. ஊற்றி நிரப்பிக்கொண்டு போவது தீர்வல்ல.

மாற்றுச் சக்கரம் இருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள். இப்போதைய பல கார்களில் ஒட்டுப்பசைக் குப்பியும் காற்றுப் பம்பும்தான். ஆணி குத்தினால் அது உதவும். சாலையோரக் கல்லில் உரசிப் பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. இடது சக்கரங்களைச் சாலை விளிம்பிலிருந்து தள்ளி வைக்க இதுவே போதுமான காரணம்.

5. நேரக் கணக்கு

தாப்பாவில் 12.30 என்று வைத்துக்கொள்வோம். துவாஸிலிருந்து அங்கே ஏறக்குறைய 490 கிலோமீட்டர், சுத்தமாக ஓட்ட ஐந்தரை மணி நேரம். இரண்டு முறை நிற்க ஒரு மணி. ஆக காலை 6 மணிக்கு மலேசியப் பக்கம் வெளியே வந்திருக்க வேண்டும். சாதாரணச் சனிக்கிழமை என்றால் 5 மணிக்குத் துவாஸில் இருங்கள். நீண்ட வார இறுதி என்றால் அந்தக் கணக்கு உதவாது.

அப்படிப்பட்ட நாளில் முந்திய இரவே எல்லையைக் கடந்து, ஆயர் குரோவிலோ சிரம்பானிலோ படுத்து எழுந்து போவதுதான் சரி. விடுதிச் செலவு கூடும். ஆனால் மறுநாள் மீதி தூரம் பாதிதான், மலைச்சாலையைத் தூங்கி எழுந்த கண்ணோடு ஓட்டலாம்.

மழைக்காகவும் இந்தக் கணக்கு. மலையில் காலை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மேகம் கூடிக் கொட்டுவது பிற்பகலில். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இது அன்றாடம்.

6. எல்லை

உட்லண்ட்ஸ் கடற்பாலத்தைவிடத் துவாஸ் இந்தப் பயணத்துக்கு வசதி. ஜோகூர் பாரு நகர நெரிசலைத் தொடாமல் நேராக நெடுஞ்சாலைக்குப் போய்விடலாம்.

பெட்ரோல் முள் முக்காலுக்கு மேல் இருக்க வேண்டும். சிங்கப்பூர்ப் பதிவு கார்களுக்கு 1991 முதல் இருக்கும் விதி. மீறினால் அபராதம் 500 வெள்ளி வரை போகலாம், திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். முந்திய நாள் இரவே முழுதாக நிரப்பிவிடுங்கள். வீட்டிலிருந்து துவாஸ் வருவதற்குள் முள் இறங்குவதையும் கணக்கில் வையுங்கள்.

சிங்கப்பூர்ப் பக்கம் காரில் இருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கியூஆர் குறியீட்டை முதல் நாளே உருவாக்கி வைத்தால் கடப்பிதழ்களைக் கொடுத்து வாங்கும் நேரம் மிச்சம். கடப்பிதழ்கள் மட்டும் கையெட்டும் இடத்திலேயே இருக்கட்டும். மலேசியப் பக்கம் தேவைப்படும்.

7. நெடுஞ்சாலை: கோலாலம்பூருக்குள் போகாதீர்கள்

வேக வரம்பு 110, மழையில் அதற்கும் குறைவாக. வலத் தடம் முந்துவதற்கு மட்டும். இடப்பக்கமாக முந்துவது குற்றம், அவசரத் தடத்தில் ஓட்டுவதும் குற்றம். பின்னிருக்கை வார் கட்டாயம். சிறு பிள்ளைகளுக்கு இருக்கையும் கட்டாயம்.

தவறான திருப்பம் எடுக்கும் இடம் நீலாய். நேராகப் போனால் சுங்கை பெசி வழியாகத் தலைநகருக்குள் விழுந்துவிடுவீர்கள். நீலாய்க்கு அருகே விமான நிலையம், ஷா ஆலாம் பக்கம் காட்டும் பலகையைப் பார்த்து எலிட் நெடுஞ்சாலைக்குப் பிரிந்துவிடுங்கள். அது ஷா ஆலாமில் புதிய கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையோடு சேரும். அங்கிருந்து புக்கிட் லாஞ்சான், ரவாங், தஞ்சோங் மாலிம் என்று வடக்கே. ஈப்போ என்ற பெயரைப் பின்பற்றினால் போதும்.

பெட்ரோல் விஷயம்: வெளிநாட்டுக் காருக்கு ரோன் 95 என்ற மானிய விலைப் பெட்ரோலை ஊற்றக்கூடாது. மஞ்சள் கைப்பிடியைத் தொடாதீர்கள். ரோன் 97 அல்லது அதற்கு மேல்தான். முள் பாதிக்கு வந்ததும் பெரிய ஓய்விடம் ஒன்றில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை 10 மணிவாக்கில் சிரம்பான் சுற்றுவட்டத்தில் முடித்துவிடுங்கள். தாப்பாவில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே ஏறுவதுதான் பிள்ளைகள் வாந்தி எடுக்க முதல் காரணம். கோழிச் சோறும் தேநீரும் மேலே போன பிறகும் கிடைக்கும்.

8. அடிவாரத்தில் அரை மணி

தாப்பா சாவடியை விட்டு வெளியே வந்ததும் நேராக மலைக்குத் திரும்பாதீர்கள். ஊருக்குள் நிறுத்தி, பெட்ரோல் பாதிக்குக் கீழ் இருந்தால் நிரப்புங்கள். வழியில் பங்க் வரும் என்று நம்பி ஏற வேண்டாம். மேலே கூட்ட நாளில் வரிசையும் நீளம்.

வாந்தி மாத்திரை கொடுப்பதென்றால் இதற்கு அரை மணி முன்பே கொடுத்திருக்க வேண்டும். தலைசுற்றிய பிறகு போட்டால் பயனில்லை. சுற்றல் அதிகம் உள்ளவரை முன்னிருக்கைக்கு மாற்றுங்கள். கண் தூரத்துச் சாலையைப் பார்க்க வேண்டும், கைப்பேசியை அல்ல. நெகிழிப் பை ஒன்றை மடியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பின் கண்ணாடி வழியே பார்வை தெரிய வேண்டும். உச்சிவரை அடுக்கிய பைகள் வளைவில் சரிந்து முன்னால் வரும். பெட்டிகளைத் தரையில், இருக்கை முதுகோடு ஒட்டி வையுங்கள்.

மண்சரிவு, சாலை மூடல் செய்தியை இங்கேயே பாருங்கள். மேலே போகப் போகக் கைப்பேசித் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். வரைபடத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மணி 4ஐத் தாண்டிவிட்டதா? தாப்பாவிலோ ஈப்போவிலோ அறை எடுத்து, காலையில் ஏறுங்கள். மேலே பதிவு செய்த அறைக்கான பணம் போனாலும் பரவாயில்லை. இந்தச் சாலையின் பெரும்பகுதியில் தெருவிளக்கு இல்லை, மூடுபனியில் வெள்ளைக் கோடும் மறையும். முதல் முறை ஓட்டுபவர் இரவில் பழக வேண்டிய இடமல்ல இது.

9. தாப்பா சாலையில் ஏறுதல்

முதல் சில கிலோமீட்டர் சிற்றூர்கள், பழத்தோட்டங்கள். பிறகு காடு மூடிக்கொள்ளும். சாலையோரம் செமாய் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் வரும். பருவத்தில் டுரியான், பெத்தாய், தேன் விற்கும் பந்தல்கள் இருக்கும். குழந்தைகளும் நாய்களும் சாலையைக் கடக்கும் பகுதி, 40க்கு மேல் வேண்டாம்.

ரிங்லெட்டுக்குப் போகும் வழியில் ஏறக்குறைய பாதியில் லாத்தா இஸ்கண்டார் அருவி. நிறுத்த இடம், கடை, கழிப்பறை உண்டு. தலைசுற்றுகிறவர்கள் இருந்தால் இங்கே 15 நிமிடம் கட்டாயம் நில்லுங்கள். ரிங்லெட்வரை இதைப் போல வசதியாக நிற்க வேறு இடம் அரிது.

வளைவுகளில் ஓட்டும் முறை இதுதான்: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் சீரான வேகம், வெளியே வரும்போது மெல்ல முடுக்கம். வளைவின் நடுவில் பிரேக்கை அழுத்தினால் நனைந்த சாலையில் கார் வெளிப்பக்கம் நழுவும். பின்னால் இருப்பவர்களின் வயிற்றையும் புரட்டுவது அந்தத் திடீர் குலுக்கல்தான்.

நடுக்கோட்டைத் தாண்டி வளைவை வெட்டாதீர்கள். எதிரே வரும் காய்கறி லாரி தன் தடத்துக்குள் அடங்காமல் அகன்று திரும்பும். அதற்கு நீங்கள் இடம் விட வேண்டும். மறுபக்கம் தெரியாத வளைவில் லேசாக ஹார்ன் அடியுங்கள். பகலிலும் முன்விளக்கு எரியட்டும்.

பின்னால் உள்ளூர்க் கார்கள் சேர்ந்தால் பதற்றப்பட்டு வேகம் கூட்ட வேண்டாம். அகலமான ஓரம் வரும்போது இடது சமிக்ஞை போட்டு ஒதுங்கி வழிவிடுங்கள். வழிவிடாமல் தள்ளிக்கொண்டே போனால், பின்னால் இருப்பவர் பொறுமை இழந்து குருட்டு வளைவில் முந்துவார். எதிரே வரும் வண்டியோடு உங்களையும் சேர்த்துத்தான் ஆபத்து.

தானியங்கிக் கியர் மேலும் கீழும் மாறி மாறித் தடுமாறினால் கைமுறையாக இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் பிடித்து வையுங்கள். வெப்பமானி ஏறினால் குளிரூட்டியை அணையுங்கள், கண்ணாடியை இறக்குங்கள். ஆயிரம் மீட்டர் தாண்டியதும் காற்றே போதும். இன்னும் ஏறினால் ஒதுங்கி நின்று என்ஜினை ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது குளிர்விப்பு நீர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மூடுபனி வந்தால் தாழ் விளக்கு மட்டும். உயர் விளக்கின் ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். நான்கு விளக்கும் சிமிட்டிக்கொண்டு ஓட்டுவதையும் விடுங்கள். நீங்கள் திரும்பப் போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

ரிங்லெட் தாண்டி, 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணையும் ஏரியும் வரும். ஏரியைப் பார்த்ததும் சாலையிலேயே நிறுத்துவதைப் பார்க்கிறோம். வேண்டாம். அங்கிருந்து தானா ராத்தா அரை மணிக்குள்தான். படம் எடுக்கத் தேயிலைத் தோட்டக் கடைகளின் நிறுத்துமிடங்கள் வழியில் உண்டு.

10. மேலே இருக்கும் நாட்களில்

தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம். ஊர்களுக்கு இடையே காலை 9க்கு முன்போ மாலை இருட்டுவதற்குச் சற்று முன்போ நகருங்கள். நடுப்பகலில் கியா பார்ம் பக்கம் போகாதீர்கள்.

சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கும் 2,000 மீட்டர் தாண்டிய பிரிஞ்சாங் மலைக்கும் போகும் கிளைச் சாலை, ஒரு கார் போகும் அகலம்தான், ஆனால் இருவழி. எதிரே வண்டி வந்தால் யாராவது பின்னால் போக வேண்டும். பின்னோக்கி ஓட்டத் தயக்கம் என்றால் தானா ராத்தாவில் உள்ளூர் ஜீப் எடுத்துக்கொள்ளுங்கள். போ (BOH) தேயிலை நிறுவனத்தின் தேநீர்க் கடைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள்.

11. இறங்குதல்: கவனம் முழுதும் இங்கே வேண்டும்

ஏறும்போது எல்லோரும் பயந்து பயந்து ஓட்டுகிறார்கள். இறங்கும்போது பழகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். கார் கெடுவது இறங்கும்போதுதான். 2010 டிசம்பரில் தாய்லாந்துப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கிய பேருந்து விபத்துக்குள்ளாகி 25 பேருக்கு மேல் இறந்தார்கள். அகலமாக இருப்பதாலேயே பாதுகாப்பானது என்று அந்தச் சாலையை எண்ண வேண்டாம்.

விதி எளிது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். தானியங்கியில் 2 அல்லது எல். ஸ்டியரிங்கின் பின்னால் கியர் மாற்றும் துடுப்பு விசை இருந்தால் அதில் கீழே மாற்றுங்கள். கலப்பினக் காரில் பி. இறக்கம் தொடங்கும் முன்பே மாற்ற வேண்டும். வேகம் பிடித்த பிறகு மாற்றினால் கார் உதறும். என்ஜின் உறுமும் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள்; எண்ணெய் சரியாக இருந்தால் 3,500, 4,000 சுற்று அதற்கு ஒன்றும் செய்யாது. அந்த உறுமல்தான் பிரேக்கின் வேலையைச் செய்கிறது.

மின்காரும் கலப்பினக் காரும் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மின்கலம் நிரம்பியிருந்தால், வேகத்தைக் குறைத்தபடியே மின்கலத்தை ஏற்றும் மீளாக்கப் பிரேக் வேலை செய்யாது அல்லது குறையும். வழக்கமான இழுப்பு இருக்காது. மேலே விடுதியில் நூறு விழுக்காடு ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்காதீர்கள். 80 போதும், இறங்கும்போது தானே ஏறும்.

பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் பாதத்தை வைத்தபடி வருவதுதான் பெரிய தவறு. பிரேக் பட்டையும் இரும்புத் தட்டும் விடாமல் உரசி, ஆற நேரமில்லாமல் சூடேறும். அதற்குப் பதிலாக, வேகம் 50க்கு வந்ததும் உறுதியாக அழுத்தி 40க்குக் கொண்டுவாருங்கள், முழுதும் விடுங்கள். மறுபடி 50 வரட்டும், மறுபடி அழுத்துங்கள். விட்டிருக்கும் நேரத்தில் காற்றுப் பட்டு ஆறும். இந்த எண்கள் தாப்பா சாலைக்கு. சிம்பாங் பூலாயில் 60, 70 என்று வைத்துக்கொள்ளலாம், முறை ஒன்றே.

கருகிய நெடி அடித்தால், மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனால், உடனே இன்னும் கீழ்க் கியர், வேகம் குறைந்ததும் அடுத்த ஒதுங்குமிடத்தில் நிறுத்தம். குறைந்தது 20 நிமிடம் நில்லுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான இரும்புத் தட்டு கோணிப்போகும். சக்கரத்துக்குக் கீழே கல் வையுங்கள். மிதி பழையபடி கெட்டியாகவில்லை என்றால் மேற்கொண்டு ஓட்டக்கூடாது, இழுவை வண்டிதான்.

மிதி முழுதும் விட்டுப்போனால்: மிதியை வேகமாகப் பலமுறை அழுத்துங்கள், கியரைப் படிப்படியாக இறக்குங்கள், கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுழலும். வேறு வழியே இல்லையென்றால் மலைச்சுவர்ப் பக்கம் உரசி நிறுத்துவது, பள்ளத்தின் பக்கம் போவதைவிட மேல்.

எந்தச் சாலையில் இறங்குவது? ஏறியதிலேயே இறங்குங்கள், அறை இருக்கும் இடம் மாறாதவரை. காலை 7, 8 மணிக்கு, சாலை காய்ந்திருக்கும்போது. அப்படிப் புறப்பட்டால் பிற்பகல் 4 மணிவாக்கில் துவாஸ். ஞாயிறு மதியம் புறப்படுபவர்கள் மலையில் ஒரு நெரிசல், எல்லையில் ஒரு நெரிசல் என்று இரண்டையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

12. சாலை மூடினால், கார் நின்றால்

கனமழைக்குப் பிறகு இரண்டு சாலையிலும் மண் சரிவதுண்டு. சிம்பாங் பூலாய் சாலையில் போஸ் சிலிம் அருகே வெட்டிய மலைச்சரிவு கட்டுமானக் காலத்திலேயே சரிந்து பெரும் சிக்கலானது. ஒரு சாலை மூடினால் மற்றதில் இறங்குங்கள். மூன்றாவதாக ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயானுக்குக் கிழக்கே இறங்கும் 102ஆம் எண் சாலை உண்டு. ஆளரவம் குறைவு, சுற்றும் அதிகம். பகலில், பெட்ரோல் நிறைந்திருந்தால் மட்டும். சாலையில் சேறும் சிறு கற்களும் ஓடி வருவதைப் பார்த்தால் அந்தச் சரிவின் கீழே நிற்காதீர்கள். பின்னால் வந்து ஊர் இருக்கும் இடத்தில் காத்திருங்கள்.

கார் நின்றுவிட்டால் முக்கோணத்தை வளைவுக்கு முன்பாகவே வையுங்கள். வளைவுக்குப் பின்னால் வைத்தால் பார்க்கும்போது மோதியாகிவிடும். ஆட்களை எல்லாம் இறக்கித் தடுப்புக்கு வெளியே நிறுத்துங்கள்.

விபத்து என்றால் அவசர எண் 999. மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது, சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை. மலேசியாவில் 24 மணி நேரத்துக்குள் போலிஸ் புகார் செய்ய வேண்டும். அதன் நகலை வாங்காமல் மலையை விட்டு இறங்காதீர்கள். சிங்கப்பூர்க் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான். எதிர்த்தரப்பு வண்டியின் எண், ஓட்டுநர் உரிமம், இரண்டு கார்களும் நின்ற நிலை, சாலைக் கிலோமீட்டர்க் கல் எல்லாவற்றையும் காரை நகர்த்தும் முன் படம் எடுங்கள். காப்பீட்டாளரைக் கேட்காமல் உள்ளூர்ப் பட்டறையில் பழுது பார்க்கச் சொல்லவும் வேண்டாம். அந்தச் செலவைத் திரும்பப் பெறுவது கடினம்.